செடியில் பழுத்த முதல் தக்காளி

சந்தைக்குப் பின்னால் வேலியோரம் மரகதம் என்ற அணில் தன் கணவர் தணிகாசலத்தோடு குடித்தனம் நடத்தி வந்தாள். சந்தை கலையும் நேரம் பார்த்துப் போய், அடிபட்ட தக்காளி, முற்றின வெண்டைக்காய் என்று மலிவாக வாங்கி வருவாள். அழுகலை அரிந்து எறிந்துவிட்டு ருசியாகச் சமைப்பாள். இருவரும் ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை.

அப்படி எறிந்த தக்காளி விதை ஓர் உடைந்த வாளியில் முளைத்தது. அவளும் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். முதல் பழம் சிவந்தபோது தணிகாசலம் காய்ச்சலில் படுத்திருந்தார்.

"வாயெல்லாம் கசக்குது மரகதம். அந்தப் பழத்தைப் பறிச்சுத் தாயேன்."

"நேத்து வாங்கினது ரெண்டு கிடக்குதுங்க. விட்டா வீணாப் போயிடும். இதை நாளைக்குச் சாப்பிடலாம்."

அந்த இரண்டையும் போட்டு அவள் வைத்த ரசத்தை நாலு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து மரகதம் வாளியருகே போனாள். புதிதாக நாலு பழங்கள் பளபளவென்று பழுத்திருந்தன. முதல் பழம் மட்டும் தோல் சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வீணாகப் போவதை முதலில் எடுக்கும் பழக்கத்தில் அவள் கை அதற்குத்தான் முதலில் போனது. பறித்துவிட்டாள். சாப்பிடத்தான் முடியவில்லை.