நடுவரின் நகம்

போன்சாய் என்பது மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்கும் வித்தை என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெரும்பிழையை முதலிலேயே திருத்திவிடுவது நல்லது. மரத்துக்கு வேளாவேளைக்கு எல்லாம் கிடைத்துவிடும். பட்டினி கிடப்பது வளர்ப்பவரின் குடும்பம்.

அன்றும் கணக்கு டீச்சரின் கணவர் வெறும் வயிற்றோடுதான் கார் ஓட்டினார். பின் சீட்டில் டீச்சர், மடியில் அத்தி மரம்.

"பாத்து. பள்ளத்துல விட்டுடாதீங்க."

"உனக்கு வலி எடுத்தப்பகூட நான் இவ்வளவு மெதுவா ஓட்டலையே" என்றார் கணவர்.

டீச்சர் காதில் வாங்கவில்லை. போன்சாய் கண்காட்சியில் இரண்டு வருடமாக இரண்டாம் பரிசு. இந்த முறை முதல் பரிசு வந்தே ஆகவேண்டும். முதல் பரிசு மரம், கோப்பை தரும் ஹோட்டலின் வரவேற்பு ஹாலில், கறுப்பு மேடையில், விளக்கொளியில் ஒரு மாதம் நிற்கும். பக்கத்தில் வளர்த்தவர் பெயர் பித்தளைத் தகட்டில். குடும்பத்தோடு வந்து பார்ப்பதாகத் தலைமையாசிரியையே சொல்லிவிட்டார்.

ஆசைக்கு நியாயம் இருந்தது. அழகு பார்த்து அவசரப்பட்டால் மரம் போய்விடும். உயிர் போதுமென்று விட்டால் அது வெறும் தொட்டிச் செடி. இந்தத் தராசு முள்ளை டீச்சர் நடுவிலேயே நிறுத்தியிருந்தார். வேரை வெட்டிய வருடம் கிளையைத் தொடவில்லை. வளைக்கச் சுற்றிய கம்பி பட்டையில் பதியுமுன் அவிழ்த்தார். மகள் கல்யாணத்தன்றுகூடத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மேடை ஏறினார்.

கண்காட்சி ஹாலில் எதிர் மேஜையில் போட்டோ ஸ்டூடியோக்காரர். வருடத்துக்கு ஒரு புது மரம் வாங்கி, கண்காட்சிக்கு முன்பு ஒரே மூச்சில் வேரையும் கிளையையும் வெட்டி, கம்பி சுற்றிக் கொண்டுவருகிறவர். இந்த முறை ஜூனிபர் என்கிற ஊசியிலை மரம். புயலில் சிக்கிய கிழமரம் மாதிரி வளைந்து நின்றது. அழகுதான். அதுதான் டீச்சருக்கு வயிற்றெரிச்சல்.

"போன வருஷ மரம் எங்க சார்?"

ஸ்டூடியோக்காரர் மரத்தின் இடப்பக்கத்தைப் போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

நடுவர் வந்தார். தொழிலில் மாட்டு டாக்டர். அவர் மதிப்பிடும் முறைதான் டீச்சருக்கு ஆகவே ஆகாது. தள்ளி நின்று பார்ப்பதில்லை. நேரே வந்து, கட்டைவிரல் நகத்தால் கிளையின் பட்டையைச் சுரண்டுவார். திங்கட்கிழமைதோறும் ஏழாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி நகம் பார்க்கிற டீச்சருக்கு, அந்த நீள நகத்தைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

அத்தியைச் சுரண்டினார். முகம் மலர்ந்தது.

ஜூனிபரைச் சுரண்டினார். இன்னொரு கிளையைச் சுரண்டினார். முகம் சுருங்கிவிட்டது.

பிறகு ஜூனிபருக்கு முதல் பரிசு, அத்திக்கு இரண்டாவது என்று அறிவித்தார்.

பிடித்ததற்கு இரண்டாவது, பிடிக்காததற்கு முதலாவது. இது எந்த ஊர்க் கணக்கு? கைதட்டல் ஓயுமுன் டீச்சர் அவரைத் தேடிப் புறப்பட்டார். கணவர், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முந்தானையைப் பிடிக்காத குறையாகப் பின்னாலேயே வந்தார்.

ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் நடுவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், மாட்டுக்கு ஊசி போடறவங்களுக்கு மரத்தோட அழகு தெரியணும்னு நான் எதிர்பார்க்கல. ஆனா கூட்டல் கழித்தலாவது தெரியணும்ல?"

"தெரியும் டீச்சர். உங்க மரம்தான் இங்க ஒசத்தி."

டீச்சர் இதற்குத் தயாராக வரவில்லை. "அப்புறம் எதுக்கு அதுக்கு முதல் பரிசு?"

"அது செத்துடுச்சு."

"பச்சைப் பசேல்னு நிக்குது."

"அந்த ஜாதி அப்படித்தான். செத்ததுக்கு அப்புறமும் வாரக்கணக்கா பச்சையாவே இருக்கும். நகத்தால கீறினா உள்ள காஞ்சு கிடக்கு. உங்களுது சுரண்டின இடமெல்லாம் ஈரப் பச்சை."

"செத்த மரத்துக்கா கோப்பை குடுத்தீங்க?" டீச்சரின் குரல் ஹால்வரை கேட்டிருக்கும்.

நடுவர் குழாயை மூடினார்.

"அந்த ஹோட்டல் ஹால்ல ஒரு ஜன்னல் கிடையாது. ராத்திரி பகலா ஏசி. ஒரு மாசம் நின்னா எந்த மரமும் திரும்பி வராது. மாத்தச் சொல்லிப் பார்த்தேன். அதான் வருஷா வருஷம் புதுசு வருதேன்னாங்க. முதல் வருஷம் ஜெயிச்சு அங்க போனது என்னோட மரம்."

கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க. உயிரோட இருக்கிறதையா அனுப்பச் சொல்றீங்க?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்டூடியோக்காரருக்குத் தெரியுமா?"

"போட்டோவுக்கு உயிர் எதுக்குங்க?"

திரும்பும்போது கணவர் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். யாரும் அப்படி ஓட்டச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. நடுவராக இருக்க முடியுமா என்று டீச்சரைக் கேட்டார்கள். சரி என்றார்.

டீச்சரின் கட்டைவிரல் நகம் மட்டும் வெட்டாமல் இருப்பதை, கண்காட்சிக்கு முந்தைய திங்கட்கிழமை, வரிசையில் கை நீட்டி நின்ற ஏழாம் வகுப்பு கவனித்தது.