காயாத சட்டை

வாட்டர்கலர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூமாரி இங்க் கோடு போடுவாள். வைகை அணைக் கரையில் கணவன் விஜயபாண்டி நீலச் சட்டையோடு நிற்கும் படம் முந்தாநாளே காய்ந்துவிட்டது. இன்று மதியம் சட்டையோரம் பேனாவை வைத்ததும் மை பரவியது. தொட்டுப் பார்த்தாள். சட்டை மட்டும் ஈரம். ஒற்றியெடுத்தாள். மறுபடி ஊறியது.

அவன் காலையிலேயே அதே நீலச் சட்டையில் அணைக்குக் குளிக்கப் போயிருந்தான். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் படியேறி வந்தான்.

"போனை எங்க போட்டீக? இங்கன நான் செத்துப் பிழைச்சேன்."

"தண்ணிக்குள்ள எவன்டி போன் பேசுவான்? நாள் பூராம் உள்ளதான் கெடந்தேன். டீயப் போடு."

தோளிலிருந்த துண்டை வாங்கினாள். காலையில் அவள் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையவில்லை; பொட்டு ஈரமில்லை.

மேசை மேலிருந்த படத்தின் நீலச் சட்டையிலிருந்து தண்ணீர் இன்னும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.