கோணல் தாளம்

“பாட்டு டீச்சருக்கே தாளம் வரல. இந்த லட்சணத்துல பிள்ளைக்கு என்னத்தக் கத்துக்குடுப்பாங்க? இன்னிக்கே நிறுத்திடுறேன்” என்றார் தையல்காரர்.

“வேணாங்க. சிட்டு ஆசையாக் கிளம்புறது இந்த ஒரு இடத்துக்குத்தான்” என்றாள் மனைவி.

அது வாஸ்தவம்தான். பிறந்ததிலிருந்தே சிட்டுக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி, கடைவீதி என்றால் தலைவலி. இந்த வகுப்புக்கு மட்டும் விரல்விட்டு நாள் எண்ணுவாள்.

வகுப்பும் ஒரு தினுசுதான். புத்தகம் கிடையாது. டீச்சர் பியானோ வாசிக்க, பிள்ளைகள் வெறுங்காலோடு கூடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். தாளம் காலில் ஏறிவிட்டால் பாட்டு தானாக வாய்க்கு வருமாம்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வாரமாகக் கேட்கிறார் மனுஷன். ஒரு தட்டு நீளம், அடுத்தது குட்டை. மறுபடி நீளம், மறுபடி குட்டை. பத்து மெஷின் ஓடுகிற இடத்தில் எது தையல் விடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற காது அவருடையது. பொறுக்குமா?

வகுப்பு தொடங்குமுன் கேட்டேவிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்க தாளம் நொண்டுது.”

டீச்சர் கோபப்படவில்லை. “ஆமாங்க, அப்படித்தான் வாசிக்கிறேன். அஞ்சு நிமிஷம் இருந்து பாத்துட்டு, அப்புறம் கூட்டிட்டுப் போங்க” என்று உள்ளே போனார்.

பியானோ ஆரம்பித்தது. வாசல் திரை முழங்கால் உயரத்தோடு நின்றிருந்தது. அதன் கீழே, தரையில் விழுந்த மாலை வெயிலில் பன்னிரண்டு ஜோடிக் கால்கள் மிதந்து போயின. எல்லாம் ஒன்றுபோல் சாய்ந்தன, ஒன்றுபோல் நிமிர்ந்தன. பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் சொக்கியது.

இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே?

கண்ணை மூடினார். தினம் காலையில் அடுக்களையிலிருந்து வாசல் வரை கேட்கிற சத்தம். “ஒழுங்கா நட, சிட்டு” என்று அவர் அதட்டுகிற அதே நடை. அதைத்தான் டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவசரமாகக் கண்ணைத் திறந்து மகளின் காலைத் தேடினார்.

பன்னிரண்டு ஜோடியில் எது சிட்டுவின் கால் என்று பெற்றவருக்கே அடையாளம் தெரியவில்லை.