இருபதாவது கடை

"அசையாதீங்க மாப்ள. அந்தாளு போற வரைக்கும் சிரிச்ச முகம் மாறக் கூடாது" என்று உதடு பிரியாமல் சொன்னார் பாத்திரக்கடைக்காரர். வியாபாரிகள் சங்கச் செயலாளரும் அவர்தான். மாப்பிள்ளை என்றது, அடுத்த கடையில் துணியை முழம் போட்டபடி நின்ற தங்கை புருஷனை.

சுற்றுலாத் துறைக்குப் புதிதாக வந்த அதிகாரி தெருமுனையில் இறங்கிவிட்டார். கோட்டை வாசலுக்கு எதிரே இருக்கும் இந்தப் பழைய கடைத்தெருவில் இருபது கடையும் திறந்திருந்தால், சுற்றுலா வரைபடத்தில் தெரு ஏறும். வெளியூர் பஸ்ஸெல்லாம் இங்கே வந்து நிற்கும்.

ஒன்று குறைந்தாலும் போச்சு. ஆள் இல்லாத தெரு என்று எழுதி, மொத்தத்தையும் இடித்து பஸ் நிறுத்துகிற இடமாக்கிவிடுவார்கள். முந்நூறு வருஷத் தெருவின் தலையெழுத்து அந்த மனிதரின் சட்டைப் பையில் பேனாவாகச் செருகியிருந்தது.

பத்தொன்பது கடையைப் பற்றி செயலாளருக்குக் கவலை இல்லை. உறுத்தியது எதிர் வரிசையில் இருந்த கடிகாரக் கடைதான். அக்கா மகள் கல்யாணம், நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று போன கடிகாரக்காரர் திரும்பி வந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.

ஆனால் பார்த்தால், மனுஷன் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல். அது படம் என்பதில் செயலாளருக்குச் சந்தேகமே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் போட்டோக்காரர் வந்து, இருபது கடையையும் ஆளோடு சேர்த்துப் படம் பிடித்திருந்தார். பூட்டிய கடைக்குப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி ஷட்டரில் ஒட்டிவிடலாம், பத்தடி தள்ளி நின்றால் எவனுக்கும் தெரியாது என்று யோசனை சொன்னதும் அந்தப் போட்டோக்காரரே. எந்தப் புண்ணியவானோ சமயத்தில் ஒட்டிவிட்டான்.

ஒரு விதத்தில் கடிகாரக்காரர் ஊரில் இல்லாததும் நல்லதுக்குத்தான். தெருவில் அவருக்கு அரிச்சந்திரன் என்றே பேர். ரிப்பேருக்கு வந்த கடிகாரத்தையே 'இது தேறாதுங்க, காசை வீணாக்காதீங்க' என்று திருப்பி அனுப்புகிற ஆள், அதிகாரியிடம் மட்டும் பொய் சொல்லவா போகிறார்? படமென்றால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும்.

செயலாளர் பித்தளைத் தட்டை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். போட்டோக்காரர் சொல்லிக்கொடுத்த நிலை அது. அதிகாரி வருகிற நாளில் எல்லாரும் இப்படியே சிரித்துக்கொண்டு நிற்பது என்று, பாத்திரக்கடை மாடியில் நடந்த சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டம் எப்படி முடிந்தது என்பதுதான் யோசித்து யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

புகை நெடி வேறு. அடுத்த தெருவில் எவனோ குப்பை கொளுத்துகிறான் போலிருக்கிறது. கொஞ்ச நாளாகவே இந்த நாற்றம் போன பாடில்லை.

அதிகாரி தெருமுனையில் நின்றபடியே விரலை நீட்டிக் கடைகளை எண்ணினார். விரல் கடைசியாகக் கடிகாரக் கடையில் வந்து நின்றது. இருபது என்று முணுமுணுத்துவிட்டுப் பேனாவை எடுத்து எழுதினார். செயலாளருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அதோடு அந்த மனிதர் போயிருக்கலாம். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், உதறினார், காதில் வைத்துக் கேட்டார். பிறகு நேரே கடிகாரக் கடையை நோக்கி நடந்தார். கெட்டது குடி.

"மாமா, கிட்டப் போறாரே" என்று மாப்பிள்ளை முனகினார். பூட்டுக் கடை, செருப்புக் கடை, புத்தகக் கடை எல்லாரும் பல்லைக் காட்டியபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு காற்று அடித்தது; செயலாளருக்கு உடம்பெல்லாம் படபடத்தது.

அதிகாரி கடிகாரத்தைக் கழற்றிக் கடிகாரக் கடை மேஜையில் வைத்தார். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, கடிகாரக்காரர் வந்தவரைப் பார்த்து வாங்க என்றார்.

செயலாளருக்கு ஒன்றும் ஓடவில்லை. இவர் எப்போது வந்தார்? நாலு நாள் கல்யாணத்துக்குப் போன மனுஷனுக்குத் தலை இப்படி வெளுத்துப் போகுமா? கூப்பிட்டுக் கேட்கப் பார்த்தார். சிரிப்பு கலையவில்லை, வாயும் திறக்கவில்லை.

"தெரு நல்லா கலகலன்னு இருக்கு பெரியவரே. இருபது கடையும் திறந்திருக்குன்னு எழுதிட்டேன்" என்றார் அதிகாரி.

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். பேசாம இருய்யா அரிச்சந்திரா, இன்னிக்கு ஒரு நாளாவது பேசாம இரு என்று செயலாளர் உள்ளுக்குள் கெஞ்சினார். எதிரே பாத்திரக்கடைப் பக்கம் திரும்பிய கிழவரின் பார்வை, உயர்த்திப் பிடித்த பித்தளைத் தட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. கண் கலங்கியிருந்தது.

"அப்படி எழுதாதீங்க சார்" என்றார். "நான் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப அந்த மாடியில தீப்பிடிச்சுது. ஒருத்தரும் வெளிய வரல. தனியா உக்கார முடியலைன்னு நான்தான் ஒட்டி வெச்சேன். என்னைத் தவிர மத்தவங்க எல்லாம் படம்."