எர்லீன் தந்த பெயர்ப்பட்டை

அட்லாண்டிக் சிட்டியில் அடுத்து எந்தப் பழைய சூதாட்ட ஓட்டலை மூடுவார்கள் என்பதுதான், அறை சுத்தம் செய்யும் எங்களுக்கு மினி பஸ்ஸில் தினமும் பேச்சு.

“உங்களுதுதான்க்கா,” என்றாள் மரிசோல். “லிஃப்டே கிழவி மாதிரி முனகுது.”

“வாயக் கழுவுடி. பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு,” என்றேன்.

என் பக்கத்தில் எர்லீன் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஓட்டலைப் போன வருடமே இடித்துவிட்டார்கள். ஆனாலும் தினமும் சீருடையோடு அந்தக் காலி மனையில் இறங்குவாள். மாலையில் கையில் பிளீச்சிங் வாசத்தோடு ஏறுவாள்.

இன்று இறங்கும்போது என் மடியில் ஒரு பெயர்ப்பட்டையை வைத்தாள். அவள் ஓட்டலுடையது. அதில் என் பெயர் இருந்தது.

“கவலப்படாதக்கா. எங்க ஓட்டல்ல யாரையும் வேலைய விட்டு அனுப்பறதே இல்ல,” என்றாள்.

என் நிறுத்தத்தில் இறங்கினேன். எங்கள் ஓட்டல் கதவில் பூட்டுப் போட்ட சங்கிலி தொங்கியது. திரும்பிப் பார்த்தேன். பஸ் எனக்காகக் கதவைத் திறந்தபடியே நின்றிருந்தது.