சன்னலுக்கு வெளியே

"இன்னும் கொஞ்சம் சோகமா பாரும்மா," என்றார் படம் எடுப்பவர்.

வகுப்பறைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று வருடங்களாக அதே சன்னல், அதே பாவாடை.

"உன் படத்தைப் பாத்துத்தான் ஊரே அள்ளிக் கொடுக்குது," என்றார் எங்கள் ஊர்க் கல்வி நிதியத்தின் செயலாளர். "படிப்பை விட்ட நாப்பது பிள்ளைங்க திரும்பப் படிக்குதுங்க. உன் தங்கச்சியும் அதுல ஒருத்தி!"

முதல் பெஞ்சிலிருந்து தங்கை எனக்குக் கையசைத்தாள்.

மூன்று வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "சார், என்னை எப்ப சேர்ப்பீங்க?"

"நல்லா கேட்ட போ! நீயும் உள்ள போயிட்டா, வெளிய யாரை நிக்க வைக்கிறது?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆங்! இந்த முகம்தான்," என்றார் படம் எடுப்பவர். "அசையாதே!"