பின்சுவர் ஸ்பீக்கர்

வீட்டில் படம் பார்க்க ஐந்து ஸ்பீக்கர் போதாதென்று குலசேகர் அதை ஏழாக்கினான். புதிய இரண்டையும் பின்சுவரில் மாட்ட வேண்டும். அங்கே ஜன்னல் இருந்தது. அதைப் பலகை வைத்து அடைத்தான்.

“பக்கத்து வீட்டு ஜமுனாக்கா அது வழியாத்தாங்க எங்கூடப் பேசுவாங்க,” என்றாள் மனைவி இந்திராணி. வேலைக்குப் போகும்போது அவன் வெளியே பூட்டிக்கொண்டு போகிற வீட்டில் அவளுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

“இனிமே நாலு பக்கமும் பேச்சுதான் கேக்கப்போகுது,” என்று சிரித்தான்.

ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியும் காதுக்குச் சரியாக வருகிறதா என்று அளக்கும் மைக்குக்கு ஸ்டாண்ட் இல்லை. அவளை சோபாவின் நடுவில் உட்காரவைத்து, காதுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னான். “அசையாத. மூச்சக்கூட மெதுவா விடு. அளவு கெட்டுச்சுன்னா முதல்லேர்ந்து அளக்கணும்.”

ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைந்து ஓய்ந்தது. பின்சுவரின் முறை வந்தபோது பலகையை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள்.

“இந்திரா, உள்ள இருக்கியா?”

குலசேகர் அளவு ஓடிய டிவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பதில் சொல்லாத. தட்டிட்டுப் போயிடுவா.”

தட்டல் நிற்கவில்லை. அவன் அலுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினான். இந்திராணி மைக்கைக் காதருகிலிருந்து எடுத்து, கை எட்டிய மட்டும் பின்னால், தட்டல் நன்றாக விழும்படி பலகைப் பக்கமாக நீட்டிப் பிடித்தாள்.